பால் கசிவுக்குத் தலையில் ஸ்கேன் எதற்கு?

கேள்வி: எனக்கு 38 வயது. கடைசிக் குழந்தைக்கு ஒன்பது வயதாகிறது. ஏழு மாதங்களாக மாதவிலக்கு வரவில்லை. இரண்டு மாதங்களாக இரு மார்பகங்களிலும் பால் போலக் கசிகிறது. கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்த மருத்துவர், ரத்தத்தில் புரோலாக்டின் 118 என்று வந்ததைப் பார்த்துவிட்டு, தலையில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார். “கர்ப்பப்பைக் கோளாறுக்குத் தலையில் என்ன வேலை?” என்று வீட்டில் எல்லோரும் கேட்கிறார்கள், எனக்கும் விளங்கவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் அம்மாவுக்குத் தைராய்டு முழுவதையும் அறுவை செய்து எடுத்தார்கள். அதன் பிறகு விரல்கள் மரமரத்து, கை இழுத்துக்கொண்டது. இன்றும் கால்சியம் மாத்திரை சாப்பிடுகிறார். சுரப்பி என்றாலே கழுத்தில் இருப்பது என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். பத்தாம் வகுப்பில் படிக்கும் என் மகள் மனித உடலின் கோட்டுப்படத்தைக் கொண்டுவந்து, நாளமில்லாச் சுரப்பிகளைக் குறித்துக் காட்டும்படி கேட்டபோது, கழுத்தைத் தவிர வேறெங்கும் எனக்குக் கை போகவில்லை. இவை உடலில் எங்கெங்கே இருக்கின்றன? எனக்குத் தலையில் ஸ்கேன் எடுப்பது அவசியந்தானா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, முதலில் உங்கள் கடைசிக் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அவசியம். மார்பகத்தில் பாலைச் சுரக்கச் செய்யும் புரோலாக்டின் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்ற சுரப்பியிலிருந்து வருகிறது. சூலகத்துக்கு மாதந்தோறும் கட்டளை அனுப்புவதும் அதே சுரப்பிதான். கசிவு மார்பில் தெரிந்தாலும், மாதவிலக்கு கர்ப்பப்பையில் நின்றுபோனாலும், இரண்டுக்கும் பொதுவான ஊற்று தலைக்குள் இருக்கிறது என்பதால்தான் உங்கள் மருத்துவர் அங்கே பார்க்கச் சொல்கிறார். வீட்டில் கேட்கும் கேள்வியில் தவறில்லை. நோய் தெரியும் இடத்திலேயே நோய் இருக்கும் என்று நினைப்பது இயல்பு. இந்தச் சுரப்பிகளின் விஷயத்தில் அந்த நினைப்பு அடிக்கடி பொய்த்துப்போகிறது என்பதைத்தான் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாளம் என்றால் குழாய். கண்ணாடி முன் நின்று வாயை அகலத் திறந்து, கன்னத்தை விரலால் வெளிப்பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு, மேல்வரிசையின் இரண்டாம் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே கன்னத்தின் உட்புறத்தைப் பாருங்கள். சிறு பரு போன்ற மேடு ஒன்று தெரியும். காதுக்கு முன்னால் இருக்கும் உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாய் அங்கேதான் திறக்கிறது. உமிழ்நீர், வியர்வை, கண்ணீர் ஆகியவற்றைச் சுரப்பவை இப்படிக் குழாய் உள்ள சுரப்பிகள். குழாய் எங்கே போய் முடிகிறதோ அங்கே மட்டுந்தான் அவற்றின் சுரப்பு விழும். ஆகவே, சுரப்பியும் அது வேலை செய்யும் இடமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். நாளமில்லாச் சுரப்பிகளுக்கு அந்தக் குழாய் கிடையாது. அவை தம் சுரப்பை, அதாவது ஹார்மோனை, தம்மைச் சுற்றிப் பின்னிக்கிடக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்களில் விட்டுவிடுகின்றன. ரத்தம் போகும் இடமெல்லாம் ஹார்மோனும் போகிறது. அதை ஏற்றுக்கொள்ளும் அமைப்பு எந்த உறுப்பின் செல்களில் இருக்கிறதோ அந்த உறுப்பு மட்டும் அதற்குக் கட்டுப்படுகிறது. தலையில் சுரந்த புரோலாக்டின் மார்பகத்தில் பாலாக வெளிப்படுவதற்கு இடையில் இருக்கும் தூரம் ஒரு தடையே இல்லை.

அப்படியானால் சுரப்பி எங்கே இருந்தால் என்ன, ரத்தத்தில் அளவைப் பார்த்தால் போதாதா என்று நீங்கள் கேட்கலாம். போதாது. சுரப்பி எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து அதன் அண்டை வீடுகள் அமைகின்றன. அது வீங்கினால் முதலில் நசுங்குபவை அவைதாம். என் அனுபவத்தில், சுரப்பிகளின் இருப்பிடத்தை ஒரு நோயாளி தெரிந்துகொள்வதால் கிடைக்கும் பெரிய பயன் இதுதான்: ஹார்மோன் கூடியதாலோ குறைந்ததாலோ வரும் தொல்லை எது, இட நெருக்கடியால் வரும் தொல்லை எது என்று பிரித்துச் சொல்ல அவருக்கு வந்துவிடும்.

பிட்யூட்டரியையே எடுத்துக்கொள்வோம். புருவ மத்தியிலிருந்து நேர் பின்னோக்கி ஒரு கோடும், இரு காதுகளுக்குச் சற்று முன்னாலிருந்து குறுக்கே ஒரு கோடும் தலைக்குள் செல்வதாக நினைத்துக்கொண்டால், அவை சந்திக்கும் இடத்தையொட்டி அது இருக்கிறது. அளவில் ஒரு பட்டாணி. எடை ஏறத்தாழ அரை கிராம். மண்டையோட்டின் அடித்தளத்தில் குதிரைச் சேணம் போலக் குழிந்த ஓர் எலும்புக் கிண்ணத்துக்குள் அது உட்கார்ந்திருக்கிறது. உடற்கூற்றியலில் அந்தக் குழிக்குத் துருக்கிச் சேணம் என்றே பெயர். மேலிருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதியிலிருந்து மெல்லிய காம்பு ஒன்று இறங்கி வந்து, காம்பில் தொங்கும் காய் போல அதைப் பிடித்திருக்கிறது. கீழும் முன்னும் பின்னும் எலும்பு. இரு பக்கமும் பெரிய ரத்தக் குழாய்களும் கண்ணை அசைக்கும் நரம்புகளும். ஆகவே, அங்கே ஒரு கட்டி வளர்ந்தால் அது எளிதாக நகரக்கூடிய வழி மேல்நோக்கியதுதான். மேலே சற்றுத் தள்ளி, இரு கண்களிலிருந்தும் வரும் பார்வை நரம்புகள் ஒன்றையொன்று குறுக்காகக் கடக்கின்றன.

அந்தக் குறுக்குச் சந்தி நசுங்கினால் நேர் எதிரே இருப்பது தெளிவாகத் தெரியும். வலக்கண்ணின் வலது ஓரமும் இடக்கண்ணின் இடது ஓரமும் மட்டும் மங்கிப்போகும். பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்த ஒருவர், கதவைக் கடக்கும்போதெல்லாம் தோள் நிலையில் இடித்துக்கொள்வதாகவும், தெருவில் பக்கத்தில் வருபவர் திடீரென்று முளைத்தது போல எதிரே நிற்பதாகவும் சொன்னார். கண்ணாடி இரண்டு முறை மாற்றியிருந்தார். எழுத்துப் பலகையில் கடைசி வரி வரை தடையின்றிப் படித்தார். அவருக்கு நேரே உட்கார்ந்து, என் மூக்கையே பார்க்கச் சொல்லிவிட்டு, என் இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி விரல்களை அசைத்தபோது, எந்த விரலையும் அவரால் பார்க்க முடியவில்லை. கைகளை உள்ளே கொண்டுவரக் கொண்டுவர, ஏறக்குறைய என் தோள்களுக்கு நேராக வந்த பிறகே “இப்போது தெரிகிறது” என்றார். அந்த ஒரு நிமிடச் சோதனைதான் அவரைத் தலை ஸ்கேனுக்கு அனுப்பியது. உங்களுக்கு இப்படி ஏதும் இருப்பதாக நீங்கள் எழுதவில்லை. ஆனாலும் மருத்துவர் உங்கள் பக்கப் பார்வையைச் சோதித்தாரா என்று கேளுங்கள். சோதிக்கவில்லை என்றால் சோதிக்கச் சொல்லுங்கள்.

இனி உங்கள் 118. கர்ப்பமாக இல்லாத, பாலூட்டாத பெண்களுக்கு ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் புரோலாக்டின் பொதுவாக 25 நானோகிராமுக்குள் இருக்கும். உங்கள் அறிக்கையிலும் இதே அலகுதான் இருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் சில ஆய்வகங்கள் வேறு அலகில் எழுதுகின்றன. இதே அலகாக இருந்தால் அது நான்கு மடங்குக்கு மேல். பிட்யூட்டரி மற்ற ஹார்மோன்களைச் சுரக்க மேலிருந்து தூண்டுதல் வர வேண்டும். புரோலாக்டினுக்கு மட்டும் நேர்மாறு. ஹைப்போதலாமஸிலிருந்து காம்பின் வழியே இறங்கும் டோபமின் என்ற ரசாயனம் அதை எப்போதும் அடக்கியே வைத்திருக்கிறது. அந்தப் பிடி தளர்ந்தால் புரோலாக்டின் ஏறும். வாந்தியை நிறுத்தத் தரப்படும் டோம்பெரிடோன், மெட்டோகுளோபிரமைடு போன்ற மாத்திரைகளும், மனநோய்க்குத் தரப்படும் சில மருந்துகளும் டோபமினைத் தடுப்பதால் இதே நிலையை உண்டாக்கக்கூடும். ஆகவே, கடந்த சில மாதங்களில் நீங்கள் சாப்பிட்ட எல்லா மாத்திரைகளின் பெயரையும், வயிற்றுக்கு என்று யாரோ கொடுத்ததையும் விடாமல், ஒரு தாளில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். மனநல மருந்து எடுப்பவராக இருந்தால் இதைப் படித்துவிட்டு அதை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம். அதை மாற்றுவதா, தொடர்வதா என்பதை அதை எழுதித் தந்த மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

தைராய்டு குறைவாகச் சுரந்தாலும் புரோலாக்டின் கூடும். தைராய்டு சோர்ந்திருப்பதை அறிந்து ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரியை ஓயாமல் முடுக்கும்போது, அந்த முடுக்கல் புரோலாக்டினையும் சேர்த்துக் கிளப்பிவிடுகிறது. சிலருக்குப் பிட்யூட்டரியே பருத்து, ஸ்கேனில் கட்டி போலத் தோன்றும். அம்மாவுக்குத் தைராய்டு கோளாறு இருந்த குடும்பம் என்பதால், டி.எஸ்.எச். (தைராய்டை முடுக்கப் பிட்யூட்டரி அனுப்பும் ஹார்மோன்) பரிசோதனை செய்யப்பட்டதா என்று ஸ்கேனுக்கு முன்பே உறுதி செய்துகொள்ளுங்கள். அது மிக அதிகமாக இருந்தால், தைராய்டு மாத்திரையிலேயே உங்கள் தொல்லைகள் யாவும் அடங்கிவிடக்கூடும்.

ஸ்கேனில் ஒரு கட்டி தெரிந்தாலும் கலங்க வேண்டாம். பிட்யூட்டரிக் கட்டிகளில் மிகப் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல. பத்து மில்லி மீட்டருக்குக் குறைவானவற்றைச் சிறு கட்டி என்றும் அதற்கு மேற்பட்டவற்றைப் பெருங்கட்டி என்றும் சொல்வோம். புரோலாக்டினைச் சுரக்கும் கட்டிகளுக்குப் பெரும்பாலும் அறுவை தேவைப்படுவதில்லை. டோபமினைப் போலவே வேலை செய்யும் கேபர்கோலின் போன்ற மாத்திரைகள் சுரப்பைக் குறைப்பதோடு கட்டியையும் சுருக்கிவிடுகின்றன. மாத்திரைக்கு மசியாத சிலருக்கும், வேறு வகைப் பிட்யூட்டரிக் கட்டி உள்ளவர்களுக்கும் அறுவை செய்ய நேர்ந்தால், மண்டையைத் திறக்காமல் மூக்கின் வழியாகவே அங்கே சென்றுவிட முடியும். அந்த எலும்புக் கிண்ணத்துக்கு அடியில் இருப்பது மூக்கோடு தொடர்புள்ள ஒரு காற்றறைதான். ஆஸ்திரிய அறுவை மருத்துவர் ஹெர்மன் ஷ்லோஃபர் 1907இல் மூக்குப் பக்கமாகச் சென்று பிட்யூட்டரியை எட்டிக் காட்டினார். ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: இதுவரை இல்லாத கடுந்தலைவலி திடீரென்று வந்து, கூடவே வாந்தியோ பார்வைக் குறைவோ இரட்டைப் பார்வையோ ஏற்பட்டால், ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்ல வேண்டும்; கட்டிக்குள் ரத்தம் கசிந்தால் அப்படி நேரும்.

இப்போது கழுத்துக்கு வருவோம். நாளமில்லாச் சுரப்பிகளில் பெண்களுக்குக் கண்ணால் பார்த்தும் கையால் தொட்டும் அறியக்கூடியது தைராய்டு மட்டுமே. எடை 15 முதல் 25 கிராம் வரை. வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தது போல மூச்சுக்குழாயை முன்பக்கமாக அணைத்திருக்கும். பலர் இதைக் குரல்வளை மணியின் மேல் தேடுகிறார்கள். அது அதற்குக் கீழே, கழுத்து எலும்புக்குச் சற்று மேலே இருக்கிறது. கண்ணாடி முன் தலையை லேசாக அண்ணாந்து, ஒரு வாய்த் தண்ணீரை விழுங்கிக்கொண்டே அந்த இடத்தைப் பாருங்கள். தைராய்டு குரல்வளையோடும் மூச்சுக்குழாயோடும் ஒட்டிக் கட்டப்பட்டிருப்பதால், விழுங்கும்போது அவற்றோடு மேலே ஏறி இறங்கும். கழுத்தில் இருக்கும் ஒரு கட்டி விழுங்கும்போது கூடவே ஏறினால் அது தைராய்டைச் சேர்ந்தது என்பதற்கு அது வலுவான அறிகுறி. மருத்துவர்கள் தண்ணீர் கொடுத்து விழுங்கச் சொல்வதன் காரணம் இதுதான்.

தைராய்டு பிறந்த இடம் கழுத்தன்று. கருவில் அது நாக்கின் அடிப்பகுதியில் தோன்றி, அங்கிருந்து கழுத்துக்கு இறங்கி வருகிறது. வந்த வழி முழுதாக மூடாமல் போனால், பின்னாளில் கழுத்தின் நடுக்கோட்டில் நீர்க்கட்டி தோன்றும். நாக்கை வெளியே நீட்டினால் அந்தக் கட்டி மேலே ஏறும். மிகச் சிலருக்குச் சுரப்பி இறங்காமல் நாக்கின் அடியிலேயே தங்கிவிடுகிறது. அப்படிப்பட்டவருக்கு நாக்கின் பின்பக்கம் இருக்கும் அந்தச் சதைத் திரட்சிதான் அவருடைய ஒரே தைராய்டாக இருக்கலாம் என்பதால், கழுத்தில் தைராய்டு இருக்கிறதா என்று ஸ்கேன் செய்து பார்க்காமல் அதை அறுத்து எடுக்கக் கூடாது.

உங்கள் அம்மாவுக்கு நேர்ந்ததும் இருப்பிடம் சார்ந்ததுதான். தைராய்டின் பின்பக்கத்தில், பக்கத்துக்கு இரண்டாகப் பொதுவாக நான்கு பாராதைராய்டுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஓர் அரிசி மணி அளவு, 30 முதல் 50 மில்லி கிராம் எடை, மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறம். சுற்றியுள்ள கொழுப்போடு கலந்துவிட்டால் தேர்ந்த கண்ணுக்கும் எளிதில் அகப்படாது. மனித உடலை நூற்றாண்டுகளாக அறுத்துப் பார்த்தவர்களின் கண்ணுக்கும் இவை தப்பியே வந்தன. ஸ்வீடனில் உப்சாலா நகரில் மருத்துவ மாணவராக இருந்த ஐவர் சாண்ட்ஸ்ட்ரோம்தான் 1880இல் மனிதரில் இவற்றை முறையாக விவரித்து எழுதினார். பெயர்தான் தைராய்டை ஒட்டி வந்ததே தவிர, தைராய்டின் வேலைக்கும் இவற்றின் வேலைக்கும் உறவில்லை. ரத்தத்தில் கால்சியம் குறையாமல் காப்பது இவற்றின் பொறுப்பு. தைராய்டை முழுமையாக எடுக்கும்போது இவற்றுக்கு வரும் இழை போன்ற ரத்தக் குழாய்கள் சேதமடையலாம், சில வேளை சுரப்பியே கூட வந்துவிடலாம். எவ்வளவு கவனமாகச் செய்தாலும் சிலருக்கு இது நேர்ந்துவிடுகிறது. ஆகவே, அறுவை செய்தவரின் தவறு என்று நீங்கள் மனம் கசக்க வேண்டியதில்லை. கால்சியம் இறங்கும்போது முதலில் உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் மரமரப்பு வரும். மேலும் இறங்கினால் கை இழுத்துக்கொள்ளும். பெரும்பாலோருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ இது சரியாகிவிடும். இரண்டு ஆண்டுகள் கடந்தும் மாத்திரை தேவைப்படுகிறது என்றால் அம்மாவுக்கு நிரந்தரக் குறைபாடாக இருக்க வாய்ப்பு அதிகம். அவருடைய ரத்தக் கால்சியம், பாஸ்பரஸ், பாராதைராய்டு ஹார்மோன், வைட்டமின் டி, சிறுநீரகச் செயல்பாடு ஆகியவற்றை இப்போது ஒருமுறை பார்த்து, அதற்கேற்ப மருந்தைச் சீரமைக்கச் சொல்லுங்கள். கால்சியம் தேவைக்கு மேல் போனாலும் சிறுநீரகத்தில் கல் சேரும்.

சொல்லால் வரும் ஒரு குழப்பத்தையும் இங்கே தீர்த்துவிடுகிறேன். தொண்டைப்புண்ணோ பல்வலியோ வரும்போது தாடைக்கு அடியிலும், காலில் புண் வரும்போது தொடை இடுக்கிலும் நெறி கட்டுகிறது என்கிறோம். அந்த நெறியையும் பலர் சுரப்பி என்றே சொல்கிறார்கள். அது நிணநீர்க் கணு. ஹார்மோன் எதையும் அது சுரப்பதில்லை. கழுத்தில் வீக்கம் என்றவுடன் தைராய்டு பரிசோதனைக்கு ஓடி வருபவர்களில் சிலருக்கு இருப்பது இந்த நெறிதான்.

மார்பெலும்பின் மேற்பகுதிக்குப் பின்னால், இதயத்துக்கு முன்னே தைமஸ் இருக்கிறது. குழந்தைப் பருவத்தில் பெரிதாக இருந்து, பருவமடைந்த பின் மெல்லச் சுருங்கி, முதுமையில் பெரும்பாலும் கொழுப்பாக மாறிவிடுகிறது. நோய் எதிர்ப்புக்கான டி செல்கள் பக்குவப்படும் இடம் என்பதே இதன் முதன்மையான பெருமை. தலைக்குள், இரு மூளை அரைக்கோளங்களுக்கும் நடுவே பின்பக்கமாகப் பீனியல் சுரப்பி இருக்கிறது. இரவில் மெலட்டோனினைச் சுரந்து உறக்கத்துக்கு நேரம் குறிப்பது இதன் வேலை. வயதானவர்கள் பலருக்கு இதில் சுண்ணாம்பு படிந்து சி.டி. ஸ்கேனில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்; உங்கள் அறிக்கையில் அப்படி ஒரு வரி இருந்தால் அதை நோயென்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வயிற்றில் உள்ளவை ஆழத்தில் மறைந்து கிடப்பவை. கணையம் இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால் குறுக்கே படுத்திருக்கிறது. அதன் தலை முன்சிறுகுடலின் வளைவுக்குள்ளும் வால் மண்ணீரலைத் தொட்டும் இருக்கும். அதன் பெரும்பகுதி குழாயுள்ள செரிமானச் சுரப்பிதான். அந்தத் திசுவுக்குள் தீவுகள் போலத் தனித்தனியாகச் சிதறிக் கிடக்கும் ஏறத்தாழ பத்து லட்சம் செல் கூட்டங்கள், மொத்த எடையில் நூற்றில் ஒன்றோ இரண்டோ பங்குதான் வரும். இன்சுலின் அங்கிருந்துதான் வருகிறது. 1869இல் பெர்லினில் மாணவராக இருந்தபோது இவற்றை முதலில் கண்டெழுதிய பால் லாங்கர்ஹான்ஸுக்கு இவை எதற்காக இருக்கின்றன என்று தெரியாது. இன்சுலின் பிரித்தெடுக்கப்பட்டதோ 1921இல். ஒரே உறுப்பு இரு வகைச் சுரப்பியாகவும் இருக்க முடியும் என்பதற்குக் கணையத்தைவிட நல்ல சான்று இல்லை. உங்கள் மகளுக்குத் தேர்விலும் இந்தக் கேள்வி வரும்.

சிறுநீரகங்கள் ஒவ்வொன்றின் உச்சியிலும் தொப்பி கவிழ்த்தது போல ஓர் அட்ரினல் சுரப்பி இருக்கிறது. வலப்பக்கத்தது முக்கோணம், இடப்பக்கத்தது பிறை. ஒவ்வொன்றும் நான்கைந்து கிராம். சிறுநீரகத்தின் மேல் உட்கார்ந்திருந்தாலும் சிறுநீரகத்தின் வேலையில் இவற்றுக்குப் பங்கு உண்டா என்றால், புறணி எனப்படும் அதன் வெளிப்பகுதி சுரக்கும் அல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோன் சிறுநீரகம் உப்பைத் தக்கவைத்துக்கொள்ளச் செய்கிறது என்ற அளவில் உண்டு. அந்தக் கட்டளையும் ரத்தத்தின் வழியாகத்தான் போகிறது, பக்கத்தில் இருப்பதால் அன்று. அதே புறணியிலிருந்துதான் கார்ட்டிசோல் வருகிறது. உட்பகுதியிலிருந்து அட்ரினலின் வருகிறது. ஆஸ்துமாவுக்கோ மூட்டுவலிக்கோ நெடுநாள் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களின் அட்ரினல் புறணி வேலையை நிறுத்தி ஓய்ந்துவிடும் என்பதால், அந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். இதை நான் ஒவ்வொரு நோயாளியிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். உங்கள் வீட்டில் யாராவது அப்படிச் சாப்பிட்டால் நீங்களும் சொல்லுங்கள்.

சூலகங்கள் இடுப்புக்கூட்டுக்குள், கர்ப்பப்பையின் இரு பக்கமும், பாதாம் பருப்பின் வடிவில் ஏறத்தாழ மூன்று சென்டி மீட்டர் நீளத்தில் இருக்கின்றன. உங்கள் சூலகங்களில் கோளாறு இருப்பதாக இப்போதைக்கு எண்ண வேண்டாம். புரோலாக்டின் மிகும்போது, சூலகத்தை இயக்கும் கட்டளை மேலிடத்திலேயே அடங்கிப்போகிறது. கட்டளை வராததால் அவை வேலையற்று இருக்கின்றன. அளவு இறங்கினால் மாதவிலக்கு பெரும்பாலும் தானே திரும்பும், அதற்கு முன்பே கருத்தரிக்கவும் கூடும். குழந்தை வேண்டாம் என்றால் அதற்கான ஏற்பாட்டையும் மருத்துவரிடம் பேசிக்கொள்ளுங்கள். ஆண்களுக்கு விந்தகங்கள் உடலுக்கு வெளியே தொங்கும் பையில், உடல் வெப்பத்தைவிட இரண்டு மூன்று டிகிரி குறைந்த சூட்டில் இருக்கின்றன. கருவில் அவை சிறுநீரகங்களுக்கு அருகில் தோன்றி இறங்கி வருபவை. பிறந்து ஆறு மாதமாகியும் பையில் விந்தகம் தட்டுப்படவில்லை என்றால் குழந்தைகள் அறுவை நிபுணரைப் பார்த்துவிட வேண்டும்.

பாடநூல் படத்தில் இத்துடன் புள்ளிகள் முடிந்துவிடும். ஹார்மோன் சுரக்கும் இடங்கள் முடிவதில்லை. 1902இல் ஆங்கிலேய உடலியல் அறிஞர்கள் பேலிஸும் ஸ்டார்லிங்கும் கண்டறிந்த செக்ரிட்டின் என்ற ஹார்மோன் சிறுகுடலின் உட்சுவரிலிருந்து வருவது. அந்தக் கண்டுபிடிப்பை அடுத்துத்தான் 1905இல் ஸ்டார்லிங் ஹார்மோன் என்ற சொல்லையே புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். சொல் பிறக்கக் காரணமாக இருந்த குடல் சுரப்பிப் படத்தில் இடம்பெறாமல் போனது எனக்கு எப்போதும் வருத்தந்தான். சிறுநீரகம் ரத்தச் சிவப்பணுக்களைப் பெருக்கும் எரித்ரோபாய்ட்டினைச் சுரக்கிறது. இதயத்தின் மேலறைகள் உடலின் உப்பையும் நீரையும் வெளியேற்றும் ஹார்மோன் ஒன்றைச் சுரக்கின்றன. 1994இல் தெரியவந்த லெப்டின் கொழுப்புத் திசுவிலிருந்தே வருகிறது. கர்ப்ப காலத்தில் நஞ்சுக்கொடியும் ஒரு நாளமில்லாச் சுரப்பிதான்; உங்களுக்குக் கர்ப்பம் இல்லை என்று உறுதி செய்த பரிசோதனை, கருவும் நஞ்சுக்கொடியும் சுரக்கும் ஹார்மோன் இருக்கிறதா என்றுதான் தேடியது.

ஸ்கேனுக்குப் போகும்போது, உடலுக்குள் பேஸ்மேக்கரோ உலோகக் கிளிப்போ இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். தலை முழுவதற்குமான பொதுப்படம் போதாது. பிட்யூட்டரியை மட்டும் நெருக்கமாக, மெல்லிய அடுக்குகளாக எடுக்கும்படி மருத்துவரின் சீட்டில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள், ஏனென்றால் மூன்று நான்கு மில்லி மீட்டர் கட்டி பொதுப்படத்தில் தெரியாமலே போகலாம். கசிவு வருகிறதா என்று மார்பகத்தை அடிக்கடி அழுத்திப் பார்க்காதீர்கள். அந்தத் தூண்டுதலே புரோலாக்டினைக் கூட்டும். கசிவு ஒரே பக்கத்தில் மட்டும் வந்தாலோ அதில் ரத்தம் தெரிந்தாலோ அது வேறு விஷயம். மார்பகப் பரிசோதனைக்கு உடனே போக வேண்டும்.

மகளின் படத்தில், புருவ மத்திக்கு நேர் உள்ளே பிட்யூட்டரியையும், அதன் மேல் ஹைப்போதலாமஸையும், அதற்குப் பின்னால் பீனியலையும், குரல்வளை மணிக்குக் கீழே தைராய்டையும், மார்பெலும்பின் பின்னே தைமஸையும், இரைப்பைக்குப் பின்னே கணையத்தையும், சிறுநீரகங்களின் உச்சியில் அட்ரினலையும், இடுப்புக்குள் சூலகங்களையும் குறிக்கச் சொல்லுங்கள். ஆண் உருவமாக இருந்தால் சூலகத்துக்குப் பதிலாக விந்தகங்களை வெளிப்பையில் குறிக்க வேண்டும். பாராதைராய்டுகள் நான்கையும் தைராய்டின் மேல் கருமையாகப் பொட்டு வைத்துவிட வேண்டாம். முன்னிருந்து பார்க்கும் படத்தில் அவை தெரியாது. பாட்டியின் கை ஏன் இழுத்துக்கொண்டது என்பதை அவளுக்குச் சொல்லிவிட்டு, தைராய்டுக்குப் பின்னால் இருப்பது தெரியும்படி நான்கு சிறு வட்டங்களைப் புள்ளிக்கோட்டால் வரையச் சொல்லுங்கள்.